வைரஸ் தெளித்த போலோனியைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: மருமகளுக்கு ஐந்தாம் மாதம். வேகவைத்துப் பாக்கெட்டில் வரும் போலோனி சாசேஜ் என்றால் அவளுக்கு உயிர். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸை இறைச்சியில் தெளிக்கிறார்களாமே, அதை நம்பிக் கொடுக்கலாமா? அது வயிற்றுப்போக்குக்கு மருந்தாகவும் கிடைக்குமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: வேண்டாம் அம்மா. குழந்தை பிறக்கும்வரை பாக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்து ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். 2017-18இல் நம் தென்னாப்பிரிக்காவில் உணவு வழியாகப் பரவும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கி 200க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததே, அதில் பத்தில் நான்கு நோயாளிகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடும், வயிற்றுப் பிள்ளையைத்தான் அது விடாது. அந்த நோய்ப்பரவலுக்குக் காரணம் போலோனிதான் என்று 2018 மார்ச்சில் தெரிந்தது.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அந்த வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர், மண்ணிலும் சாக்கடையிலும் ஆற்றுநீரிலும் தானாகவே இருப்பவை. பாக்டீரியாவின் மேல் ஒட்டி, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தி, அங்கேயே பெருகி, கடைசியில் அதை வெடிக்கவைத்துக்கொண்டு வெளியே வரும். மனித செல்லை ஒன்றும் செய்யாது. லிஸ்டீரியாவுக்கென்றே ஆறு ஃபேஜ்களைக் கலந்த தெளிப்புக்கு அமெரிக்கா 2006இலேயே அனுமதி கொடுத்துவிட்டது.

ஆனால் ஃபேஜ் தானாக நகராது. துளி விழுந்த இடத்தில் பாக்டீரியா இருந்தால்தான் வேலை நடக்கும், சின்னப் பிளவில் ஒளிந்திருப்பது தப்பிவிடும், தப்பிய நாலைந்தும் ஃபிரிட்ஜ் குளிரிலேயே மெதுவாகப் பெருகும், லிஸ்டீரியாவின் கெட்ட குணமே அதுதான். கடையில் துண்டு போடும் மெஷினிலிருந்து புதிதாக ஒட்டுவதும் உண்டு. லிஸ்டீரியா ஃபேஜ், சால்மோனெல்லா போன்ற வேறு பாக்டீரியாவைத் தொடவே தொடாது. அதனால் இது தொழிற்சாலைக்கு ஒரு கூடுதல் காவல், அவ்வளவுதான்.

மருந்து விஷயம்: டாக்காவில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கு ஃபேஜைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள், 2016இல் வெளிவந்த முடிவில் பலன் தெரியவில்லை. வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுங்கள், நிற்காவிட்டால் கிளினிக்.

ஆசை அடங்கவில்லையென்றால், போலோனியை வெட்டித் தவாவில் போட்டு, நடுப்பகுதிவரை ஆவி பறக்கச் சூடாக்கி உடனே கொடுங்கள். பாக்கெட்டில் கசியும் நீர் சாலட் மேல் படக் கூடாது, கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்புறம் முக்கியமாக ஒன்று: ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், 70 நாள் கழித்துக்கூட நோய் காட்டலாம். காய்ச்சலோ உடம்புவலியோ வந்தால் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய், போலோனி சாப்பிட்டதை நீங்களே சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை செய்து ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுப்பார்கள்.