எல்லையில் நிற்காத மோட்டார்: வாசகர் கேள்வி – பதில்

மோட்டாரை இரு திசையிலும் ஓட்டி, இரு முனைகளிலும் லிமிட் சுவிட்ச் (நகரும் பொருள் முனைக்கு வந்து தட்டும்போது இயங்கும் சுவிட்ச்) வைத்துத் தானாக நிறுத்துவது பற்றி வந்த கடிதங்களுள் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். முதல் கடிதத்தில் உள்ள கோளாறு உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால் அதற்கான பதில் மற்றவற்றைவிட நீளமாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் நூல் கிடங்கில் மூட்டைகளை மாடிக்கு ஏற்ற 3 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் பொருத்திய ஹாய்ஸ்ட் உள்ளது. மேலும் கீழும் லிமிட் சுவிட்ச் இருக்கிறது. ஏழு ஆண்டுகளாகப் பிரச்சினை இல்லை. சென்ற மாதம் எங்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் மாற்றிய மறுநாள், ஆள் ‘இறக்கு’ பட்டனை அழுத்தியதும் கொக்கி மேலே ஏறியது. லிமிட் சுவிட்ச்சின் நெம்பு மடங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் நிற்கவில்லை. வடம் சுற்றும் டிரம்மில் மோதுவதற்குள் ஒருவர் மெயினை இறக்கிவிட்டார். எலக்ட்ரீஷியன் லிமிட் சுவிட்ச்சைக் கழற்றிச் சோதித்துவிட்டு, அது நன்றாக இருக்கிறது என்கிறார். பிறகு ஏன் நிற்கவில்லை? (திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எலக்ட்ரீஷியன் சொன்னது சரிதான். லிமிட் சுவிட்ச் தன் வேலையைச் செய்தது. ஆனால் அது துண்டித்த கம்பியில் அப்போது மின்சாரமே இல்லை.

த்ரீ ஃபேஸ் மோட்டாரின் மூன்று கம்பிகளில் எவையேனும் இரண்டை இடம் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். உங்கள் பேனலில் உள்ள இரண்டு கான்டாக்டர்கள் (காயில் எனும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தத்தால் இழுக்கப்பட்டு ‘பிடிக்கும்’, அதாவது மூடிக்கொள்ளும் சுவிட்ச்கள்) இதைத்தான் செய்கின்றன: ஒன்று மூன்று ஃபேஸ்களையும் ஆர், ஒய், பி என்ற வரிசையில் மோட்டாருக்குக் கொடுக்கிறது, மற்றொன்று அவற்றில் இரண்டை மாற்றிக் கொடுக்கிறது. மேல் லிமிட் சுவிட்ச் ‘ஏற்று’ கான்டாக்டரின் காயிலோடும், கீழ் லிமிட் சுவிட்ச் ‘இறக்கு’ கான்டாக்டரின் காயிலோடும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அப்படி இருந்தால்தான் கொக்கி உச்சியில் நின்ற பிறகும் அதைக் கீழே இறக்க முடியும்.

டிரான்ஸ்பார்மர் மாற்றியபோது உங்களுக்கு வரும் இரண்டு ஃபேஸ்கள் இடம் மாறிவிட்டன. அதன் பிறகு ‘இறக்கு’ பட்டனை அழுத்தினால் ‘இறக்கு’ கான்டாக்டர்தான் பிடிக்கும், ஆனால் மோட்டார் ஏற்றும் திசையில் ஓடும். கொக்கி மேலே போய் மேல் லிமிட்டைத் தட்டுகிறது. அது ‘ஏற்று’ காயிலைத் துண்டிக்கிறது. அந்தக் காயிலோ ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. ஓட்டிக்கொண்டிருக்கும் ‘இறக்கு’ கான்டாக்டரைத் தடுக்க மேலே எதுவுமில்லை. சுருங்கச் சொன்னால், இந்த வகை இணைப்பில் லிமிட் சுவிட்ச் பட்டனைக் காவல் காக்கிறதே தவிர, அசைவைக் காவல் காப்பதில்லை.

முதலில் செய்ய வேண்டியது, பேனலுக்குள் வரும் மெயின் கம்பிகளில் இரண்டை இடம் மாற்றுவது. சிலர் பட்டன் பெட்டியைத் திறந்து ‘ஏற்று’, ‘இறக்கு’ கம்பிகளை மாற்றிவிட்டு, ‘இப்போது பட்டன் சரியாக வேலை செய்கிறது’ என்று மூடிவிடுவார்கள். அதைவிட ஆபத்தான பழுதுபார்ப்பு வேறில்லை. பட்டன் சரியாகிவிடும், லிமிட் சுவிட்ச்கள் தவறான பக்கத்திலேயே இருக்கும், ஏழு ஆண்டுப் பழக்கத்தை நம்பி ஆள் கொக்கியை உச்சிவரை விடுவார்.

இரண்டாவதாக, ஃபேஸ்களின் வரிசையைக் கண்காணிக்கும் ஃபேஸ் சீக்வன்ஸ் ரிலே ஒன்றைப் பேனலின் நுழைவில் பொருத்தி, அதன் கான்டாக்டைக் காயில்களுக்குப் போகும் கன்ட்ரோல் லைனில் தொடராகக் கொடுங்கள். வரிசை மாறினால் எந்தக் கான்டாக்டரும் பிடிக்காது. கடையில் ‘சிங்கிள் ஃபேஸ் பிரிவென்ட்டர்’ என்று கேட்டு வாங்கும்போது, அது ஒரு ஃபேஸ் போவதை மட்டும் பார்க்கிறதா, வரிசையையும் பார்க்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா மாடல்களும் வரிசையைப் பார்ப்பதில்லை.

மூன்றாவதாக, வழக்கமான மேல் லிமிட்டுக்குச் சற்று உயரத்தில் இறுதி லிமிட் சுவிட்ச் ஒன்று வேண்டும். இது காயிலைத் துண்டிப்பதல்ல. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்கும் கனமான சுவிட்ச். கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டாலும் இது நிறுத்தும், ஃபேஸ் மாறினாலும் நிறுத்தும். இது ஒருமுறை விழுந்தால் இரு திசையும் செத்துவிடும். ஆள் ஏறிப் போய், ஏன் விழுந்தது என்று பார்த்துச் சரிசெய்த பிறகே ஹாய்ஸ்ட் நகரும். இதைத் தொல்லை என்று சொல்லிக் கழற்றி வைத்திருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தொல்லைக்காகத்தான் அதை வைப்பதே.

ஹாய்ஸ்டில் மேல் லிமிட் என்பது அவசரத்துக்கு உரியது. அன்றாடம் கொக்கியை நிறுத்தும் வேலையைப் பட்டன்தான் செய்ய வேண்டும். தினமும் காலையில் பாரமில்லாமல் கொக்கியை மெதுவாக ஏற்றி, லிமிட்டில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு மூட்டையை மாட்டச் சொல்லுங்கள். லைன் வேலை நடந்த நாட்களில் கொக்கி நடு உயரத்தில் இருக்கும்போதே பட்டனை ஒரு நொடி தொட்டு, திசையைப் பாருங்கள். அந்த மறுநாள் உங்கள் கிடங்கில் வேறு த்ரீ ஃபேஸ் ஃபேனோ பம்போ ஓடியிருந்தால் அதுவும் தலைகீழாகத்தான் சுழன்றிருக்கும்; ஃபேன் காற்றை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் ஹாய்ஸ்டுக்கு முன்பே விஷயம் தெரிந்திருக்கும்.

கேள்வி: லிமிட் சுவிட்ச்சில் என்.ஓ. (தட்டாதபோது திறந்திருப்பது), என்.சி. (தட்டாதபோது மூடியிருப்பது) என இரண்டு கான்டாக்ட்கள் இருக்கின்றன. நிறுத்துவதற்கு என்.சி.யைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆசிரியர் சொல்கிறார். ஏன்? (ஐ.டி.ஐ. மாணவர், மதுரை)

பதில்: கம்பி அறுந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். என்.சி. வழியாகக் காயிலுக்கு மின்சாரம் போகும்போது, கம்பி அறுந்தாலும் திருகு தளர்ந்தாலும் சுவிட்ச் தட்டப்பட்டதைப் போலவே மோட்டார் நின்றுவிடும். என்.ஓ. வழியாக ஒரு ரிலேயை இயக்கி நிறுத்தினால், கம்பி அறுந்தது யாருக்கும் தெரியாது. மோட்டார் முனையைத் தாண்டும் நாளில்தான் தெரியவரும். சுவிட்ச்சின் மேல் வட்டத்துக்குள் அம்புக்குறி போட்டிருந்தால், ஸ்பிரிங் உடைந்தாலும் கான்டாக்ட் ஒட்டினாலும் நெம்பின் தள்ளுதலே அதைப் பிரித்துவிடும் என்று பொருள். பாதுகாப்புக்கு அந்தக் குறியுள்ளதையே வாங்க வேண்டும்.

என்.ஓ.வுக்கும் இடமுண்டு. கிரைண்டிங் மெஷினின் மேசை தானாகப் போய் வர வேண்டுமென்றால், முனையில் உள்ள லிமிட்டின் என்.சி. (கம்பி மாட்டும் எண்கள் 21, 22) மேசையை முன்னால் ஓட்டும் கான்டாக்டரை விடுவிக்கும். அதே சுவிட்ச்சின் என்.ஓ. (13, 14) பின்னால் ஓட்டும் கான்டாக்டரைப் பிடிக்க வைக்கும். இரண்டு கான்டாக்டர்களும் ஒரே நேரத்தில் பிடித்தால் இரண்டு ஃபேஸ்கள் நேருக்கு நேர் ஷார்ட் ஆகிவிடும். அதனால் ஒன்றின் துணை என்.சி.யை மற்றொன்றின் காயிலோடு தொடராகக் கொடுத்து, ஒன்று பிடித்திருக்கும்போது மற்றொன்றை அசையவிடாத மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் நடுவில் மாட்ட வேண்டும். இப்படி ஓடும்போதே திருப்பும் வேலைக்கு ஏசி-3 தரத்தில் (ஓடவிட்டு நிறுத்தும் சாதாரண வேலைக்கான தரம்) போட்ட கான்டாக்டர் நெடுநாள் தாங்காது. ஏசி-4 தரத்துக்கான ஆம்பியரைப் பார்த்து வாங்க வேண்டும்.

கேள்வி: பழைய மாவு மெஷினில் இருந்த 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரைக் கடை ஷட்டருக்குப் பொருத்தினேன். ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்தாலும் ஒரே திசையில்தான் சுழல்கிறது. (கும்பகோணம் வாசகர்)

பதில்: அப்படித்தான் சுழலும். ஃபேஸும் நியூட்ரலும் மாறும்போது உள்ளே இருக்கும் கம்பிச்சுற்றுகளான ரன்னிங் வைண்டிங், ஸ்டார்ட்டிங் வைண்டிங் இரண்டும் சேர்ந்தே திரும்பிவிடுவதால், ஒன்றுக்கொன்று உள்ள உறவு மாறுவதில்லை. ஏதேனும் ஒரு வைண்டிங்கின் இரு முனைகளை மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு நான்கு முனைகளும் தனித்தனியாக வெளியே வந்திருக்க வேண்டும்.

ஆனால் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. மாவு மெஷின் மோட்டார்கள் பெரும்பாலும் கெபாசிட்டர் ஸ்டார்ட் வகை. வேகம் பிடித்ததும் உள்ளே உள்ள சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைக் கழற்றிவிடும். அதன் பிறகு மோட்டார் எந்தத் திசையில் சுழல்கிறதோ அதிலேயே தொடரும். ஷட்டர் ஏறிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அவசரமாக ‘இறக்கு’ பட்டனை அழுத்தினால், வேகம் குறையாத மோட்டார் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே போகும். பிடித்திருப்பதோ ‘இறக்கு’ கான்டாக்டர். மேல் லிமிட் அதைத் தடுக்காது. திருப்பூர் ஹாய்ஸ்டில் நடந்ததேதான், காரணம் மட்டும் வேறு. முழுவதும் நிற்கும்வரை மறு கான்டாக்டரைப் பிடிக்கவிடாத டைமர் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். அதைவிட, ஷட்டருக்கென்றே பிரேக்கும் லிமிட்டும் உள்ளடங்கி வரும் மோட்டாரை வாங்குவதே நல்லது. இன்னொன்று: மாவு மெஷின் மோட்டாரில் பிரேக் கிடையாது. கரண்ட் நின்றதும் ஷட்டரின் எடை அதைச் சுழற்றத் தொடங்கினால் யார் பிடிப்பது?

கேள்வி: கோழிக் கொட்டகையின் பக்கத் திரையை ஏற்றி இறக்க 24 வோல்ட் டிசி மோட்டார் வைத்திருக்கிறேன். முனையில் லிமிட் தட்டினால் நிற்கிறது, ஆனால் மறுபடி எதிர்த்திசையில் எடுப்பதில்லை. கையால் சற்று நகர்த்திவிட வேண்டியிருக்கிறது. சுவிட்ச்சும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை கருகுகிறது. (பல்லடம் வாசகர்)

பதில்: மோட்டாருக்குப் போகும் கம்பியிலேயே லிமிட்டை வெறுமனே தொடராகக் கொடுத்திருக்கிறீர்கள். அது திறந்ததும் இரு திசைக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. ஒவ்வொரு லிமிட் சுவிட்ச்சின் குறுக்கேயும் ஒரு டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது) போடுங்கள். ஏற்றும் மின்னோட்டத்தைத் தடுத்து, இறக்கும் மின்னோட்டத்தை விடும்படி மேல் சுவிட்ச்சின் டயோடு இருக்க வேண்டும். கீழ் சுவிட்ச்சில் இதற்கு நேர்மாறாக. திரை முனையில் நின்ற பிறகு பட்டனை மாற்றி அழுத்தினால் துருவம் மாறும். மின்னோட்டம் டயோடு வழியாகப் போய் மோட்டாரை எடுக்கும். நெம்பு விடுபட்டதும் சுவிட்ச் மூடி, சுமையை ஏற்றுக்கொள்ளும். டயோடுக்கு வேலை இரண்டொரு நொடிதான். ஆனால் அந்த நொடியில் ஓடுவது ஸ்டார்ட்டிங் கரண்ட். ஓட்டத்தில் 4 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு 1 ஆம்பியர் டயோடு போட்டால் முதல் நாளே போய்விடும். அப்படிப் போகும்போது டயோடு பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும். ஷார்ட் ஆனால் லிமிட் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

சுவிட்ச் கருகுவதற்குக் காரணம், அதில் எழுதியுள்ள ஆம்பியர் ஏசிக்கு உரியது. நம் 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் கான்டாக்ட் பிரியும்போது எழும் தீப்பொறி தானே அணைகிறது. டிசியில் அந்த வாய்ப்பு இல்லை, பொறி இழுத்துக்கொண்டே போகும். மோட்டார் பெரிதாக இருந்தால் டயோடு முறையை விட்டுவிட்டு, லிமிட்டை ரிலேக்களின் காயிலில் மட்டும் கொடுங்கள். சிறிய மின்னோட்டம் என்பதால் சுவிட்ச் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

கேள்வி: எங்கள் மண்டபத்தின் நகரும் கேட் சில நாட்களில் லிமிட்டில் நின்றும், மீண்டும் ‘மூடு’ பட்டனை அழுத்தினால் இன்னும் நகர்ந்து தூணில் இடிக்கிறது. (சேலம் வாசகர்)

பதில்: லிமிட்டைத் தட்டுவதற்காகக் கேட்டில் பற்றவைத்திருக்கும் தகட்டின் நீளத்தை அளந்து பாருங்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நிமிடத்திற்கு 12 மீட்டர் போகும் கேட் நொடிக்கு 20 சென்டிமீட்டர் நகர்கிறது. லிமிட் தட்டிய பிறகு அரை நொடியில் சீராக வேகம் குறைந்து நின்றாலும் 5 சென்டிமீட்டர் உருண்டிருக்கும். மழையில் தண்டவாளம் நனைந்திருந்தால் இன்னும் கூடும். அதற்குள் லிமிட்டின் உருளை தகட்டைக் கடந்து மறுபக்கம் விழுந்து, பழையபடி எழுந்துவிடுகிறது. பேனலைப் பொறுத்தவரை கேட் இன்னும் நடுவழியில் இருக்கிறது. தகட்டை 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீட்டி, முன்முனையைச் சாய்வாக வளையுங்கள். கேட் எங்கே நின்றாலும் உருளை தகட்டின் மேலேயே அழுந்தியிருக்க வேண்டும். தகடு முடிவதற்கு முன்பாக இடிதாங்கும் இரும்பு நிறுத்தி ஒன்றைத் தரையில் ஊன்றிவிடுங்கள்.

தகடு ஏற்கெனவே நீளமாக இருந்தால், சுவிட்ச்சின் மூடியைத் திறந்து பாருங்கள். எங்கள் பகுதியில் ஒரு கேட்டுக்கு இரண்டு முறை புது பேனலே மாற்றிவிட்டார்கள். கடைசியில் லிமிட் பெட்டிக்குள் எறும்பு புற்று கட்டி, தள்ளுகோலை முழுதாக உள்ளே போகவிடாமல் மண் அடைத்திருந்தது. கம்பி நுழையும் துளையில், இடைவெளியை அடைக்கும் கிளாண்ட் போடாமல் விட்டிருந்தார்கள்.