என்2 நெடுஞ்சாலை அகலமானால் எங்கள் தெரு என்னாகும்?

கேள்வி: ஐயா, வணக்கம். நம்மூர் வழியே போகும் என்2 (N2) தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிறார்களே, இனி நெரிசலே இருக்காது என்கிறார் என் மருமகன். எனக்கென்னவோ எங்கள் தெருவுக்குள் வண்டிகள் கூடும் என்றுதான் தோன்றுகிறது. யார் சொல்வது சரி?
(ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: அம்மா, என் ஓட்டு உங்களுக்குத்தான். டர்பனில் பஸ் ஓட்டியே தலை நரைத்தவன் நான். நெடுஞ்சாலை சான்ரால் என்ற தேசிய சாலை நிறுவனத்துடையது, இறங்கியதும் வரும் ஊர்ச் சாலைகள் நகராட்சியின் பொறுப்பு. மேலே தடத்தைக் கூட்டிவிட்டு, கீழே சிக்னலை அப்படியே விட்டால்? காலை ஏழு மணிக்கு மினிபஸ் டாக்ஸிக்காரர் ஆள் ஏற்ற ஓரங்கட்டுவார், பின்னால் லாரி ஹாரன் அடிக்கும், பொறுமையில்லாதவன் பள்ளிக்கூடத் தெருவுக்குள் திருப்புவான். வேலை நடக்கும் காலத்தில் இது இன்னும் மோசம்.

மருமகன் சொல்வதும் அடியோடு தப்பில்லை. என்2-வும் என்3-யும் சேரும் ஈ.பி. க்ளூட்டி சந்திப்பில் துறைமுக லாரிகளோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு அகலமான சாலை நிம்மதிதான். ஆனால் எத்தனை நாளைக்கு? அமெரிக்காவில் ஹூஸ்டனின் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் பிரம்மாண்டமாக அகலப்படுத்தி முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே உச்சநேரப் பயணம் மறுபடி நீண்டது. இடம் கிடைத்தால் வண்டி வரும், அவ்வளவுதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? சுற்றுச்சூழல் அறிக்கை தேவைப்படும் திட்டமென்றால், கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். பாதிக்கப்படுபவராகப் பெயரைப் பதிவு செய்யுங்கள். “டிராஃபிக் கூடுமா?” என்று பொதுவாகக் கேட்டால் மழுப்புவார்கள். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் எந்த வழியில், எந்த மணிக்கு, எத்தனை வண்டி, சிக்னலை மாற்றும் செலவு யாருடையது என்று கேளுங்கள். மருமகனையும் கூட்டிப் போங்கள். படிவம் நிரப்ப உதவுவார்.