அதிபர் வந்தால் விசா செல்லாதா?

கேள்வி: என் மகன் கரீபியன் தீவு நாடான பார்படாஸில் மூன்றாம் ஆண்டு மருத்துவம் படிக்கிறான். அந்நாடு 2021 நவம்பர் 30-ல் குடியரசாகிவிட்டது, அதிபர் தேர்தலும் முடிந்துவிட்டது என்கிறார்கள். ‘பிரிட்டன் ராணி ஆட்சியில் கொடுத்த விசா இனி செல்லாது, மாற்ற 35,000 ரூபாய் அனுப்புங்கள்’ என்கிறார் அட்மிஷன் வாங்கித் தந்த ஏஜென்ட். மகன் ஓட்டுப் போடாததால் சிக்கல் வருமா?

பதில்: பணம் அனுப்பாதீர்கள் அம்மா. முதலில் ஓட்டு. அந்தத் தேர்தலில் உங்கள் மகன் மட்டுமல்ல, அந்த ஊர்க் கடைக்காரர்கூட ஓட்டுப் போடவில்லை. 2021 அக்டோபர் 20-ல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடி, சாண்ட்ரா மேசனைத் தேர்ந்தெடுத்தன. 2018 முதல் ராணியின் சார்பில் கவர்னர் ஜெனரலாக இருந்தவரும் அவரேதான். நம் ராஜேந்திர பிரசாத்தையும் 1950-ல் அரசியல் நிர்ணய சபைதானே தேர்ந்தெடுத்தது? நம் தாத்தாக்களை யாரும் கேட்கவில்லை.

விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய சட்டங்கள் அப்படியே தொடர்கின்றன. ராணி என்று இருந்த இடத்தில் அரசு, அதிபர் என்று வந்தது, அவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டு தொடர்ந்து அங்கே வசித்த காமன்வெல்த் (பெரும்பாலும் பிரிட்டன் ஆண்ட நாடுகளின் கூட்டமைப்பு) குடிமக்கள் அந்நாட்டுப் பொதுத் தேர்தலில் வாக்காளராகப் பதிவு செய்யலாம். இந்தியரும் அதில் அடக்கம். குடியரசானாலும் பார்படாஸ் காமன்வெல்த்தில்தான் இருக்கிறது, நாம் இருப்பதைப்போல. ஆனால் அது பொதுத் தேர்தல். அதிபர் தேர்தல் அல்ல. மூன்று ஆண்டு என்பது நிறைந்த மூன்று ஆண்டு. மூன்றாம் ஆண்டில் படிப்பது கணக்கில் வராது. ஓட்டுப் போடாவிட்டால் குற்றமும் இல்லை. இதைக் கேட்டதும் உங்கள் ஏஜென்ட், ‘ஓட்டு உண்டென்றால் குடியுரிமையும் வாங்கிவிடலாம்’ என்று அதற்கும் ஒரு ரேட் சொல்வார். ஓட்டு வேறு, குடியுரிமை வேறு.

வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறவருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. லட்சங்கள் கைமாறும் தொழிலுக்கு ஒரு போர்டும் ஒரு போனும் போதும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். எத்தனை முறை எழுதுவது!

அவரிடம் ஒன்று கேளுங்கள்: ‘பார்படாஸ் குடிவரவுத் துறையின் உத்தரவைக் காட்டுங்கள்.’ ‘மேலிடத்தில் பேசியாச்சு’ என்றால் போனை வைத்துவிடுங்கள். பிறகு மகனிடம் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் இருக்கும் தேதிதான் கெடு. அதற்கு ஒரு மாதம் முன்பே அவனே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு நீட்டித்துக்கொள்ளட்டும்.