விண்டோஸை மறுபடி போட்டால் லேப்டாப்பில் உள்ள போட்டோ, ஃபைல் எல்லாம் போய்விடுமா?

போக வேண்டியதில்லை. ஆனால் கை வைக்கும் முன் உங்கள் ஃபைல்கள் எந்த டிரைவில் கிடக்கின்றன என்று பாருங்கள். "முக்கியமானதெல்லாம் டி டிரைவில் இருக்கு" என்று நீங்களும் நம்பிக்கொண்டிருப்பீர்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் வழக்கமாக இருப்பது சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள்.

பாளையங்கோட்டையில் என் பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கொடைகளில் வில்லுப்பாட்டுக்காரர்கள் பாடுவதைக் கேட்டுக் கேட்டு, வருஷக்கணக்காக டைப் செய்து டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தார். லேப்டாப் ஒருநாள் நீலத் திரையோடு நின்றுவிட்டது. வண்ணார்பேட்டையில் ஒரு கடையில், "ஃபார்மட் அடிச்சிரலாம் சார், டி டிரைவ்ல கை வைக்க மாட்டோம்" என்றார்கள். நல்லவேளை, சரி என்று சொல்லுமுன் எனக்கு போன் போட்டார். "பெரியப்பா, ஒண்ணும் செய்ய வேண்டாம், அப்படியே வாங்கிட்டு வந்திருங்க" என்றேன்.

விண்டோஸ் படுத்துவிட்டால் ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒரு பென் டிரைவில் உபுண்டுவை (விண்டோஸ் மாதிரி இன்னொரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை உபுண்டு' என்று உள்ளே போனேன். சி டிரைவ் அப்படியே திறந்தது. யூசர்ஸ் ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்தேன். உங்கள் டிரைவ் பிட்லாக்கரில் (விண்டோஸே டிரைவுக்குப் போடும் பூட்டு) பூட்டியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், முதலில் அதை எடுத்துவையுங்கள்.

அப்புறம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸையும் காப்பி செய்தேன். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பெரியப்பா டைப் செய்தது பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில். அந்த ஃபான்ட் இல்லாமல் திறந்தால் சுடலைமாடன் கதை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும்.

இந்த விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடு (ஃபான்ட் மாறினாலும் எழுத்து மாறாத பொது முறை) என்று ஆணை போட்டாயிற்று. இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனால், யூனிகோடில் கொடுத்ததைத் திரும்பப் பழைய ஃபான்ட்டில் டைப் செய்து, பெயரில் பிழையோடு நீட்டுகிறார்கள். ஒரு தலைமுறை எழுதியது இப்படிப் படிக்க முடியாமலே கிடக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். லேப்டாப் ஓடுகிறது என்றால் செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி' போய் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுங்கள். ஃபைல்கள் நிற்கும், நீங்கள் போட்ட சாஃப்ட்வேர்கள் போகும், மறுபடி போட வேண்டும். "சுத்தமாக ஃபார்மட் செய்வதுதான் முறை" என்று விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள். செய்யட்டும், நான் மறுக்கவில்லை. வைரஸ் புகுந்த மெஷினுக்கு அதுதான் சரி. எதைச் செய்தாலும் காப்பி முதலில், அந்தக் காப்பியில் நாலு ஃபைலையாவது திறந்து பார்த்துவிட்டு. கடைக்காரர்கள் எல்லாரையும் குறை சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்காமல் அழிப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. வாங்கும்போதே விண்டோஸ் 10 அல்லது 11 போட்டு வந்த லேப்டாப் என்றால், அதே எடிஷனைத் திரும்பப் போட்டு இன்டர்நெட் கொடுத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆக்டிவேட் செய்யும் கீக்கு என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.