நீங்கள் கொடுத்த காசு இப்போது எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி - பதில்

சொந்தமாகத் தொழில் நடத்தும் அக்கம்பக்கத்துக்காரர்களிடம் வாங்கினால் ஊர் தழைக்கும் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். பாராட்டி வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன், சண்டைக்கு வந்தவைதான் சுவையாக இருந்தன.

கேள்வி: எந்தக் கடையில் காசு கொடுத்தாலும் அது யாரோ ஒருவருக்கு வருமானம்தானே? பெரிய நிறுவனத்தின் கிளையிலும் எங்கள் பிள்ளைகள்தான் வேலை பார்க்கிறார்கள். இதில் ஊர்ப் பொருளாதாரம் எங்கே வந்தது?

பதில்: நியாயமான கேள்வி. கிளையில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் சம்பளம் ஊருக்குத்தான் வருகிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கடை சம்பளம் மட்டுமா கொடுக்கிறது? கணக்கு எழுதுபவர், பெயர்ப்பலகை செய்பவர், நோட்டீஸ் அடிக்கும் அச்சகம், வழக்கு வந்தால் வக்கீல், கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் வந்து பார்க்கிற ஆள், இத்தனை பேருக்கும் கொடுத்தது போகக் கடைசியில் மிஞ்சுகிற லாபம். கிளைக் கடைக்கு இதில் பெரும்பாலான வேலை தலைமை அலுவலகத்திலேயே முடிந்துவிடும், லாபமும் அங்கேதான் போகும். சொந்தக் கடைக்காரர் இதற்கெல்லாம் அடுத்த தெருவில் ஆள் தேடுவார், மிஞ்சியதில் வீட்டுக்கு மாடி எடுத்தால் கொத்தனாரும் பெரும்பாலும் அந்த ஊர்க்காரராகத்தான் இருப்பார். ஒரு காசு ஊரைவிட்டுப் போவதற்கு முன் எத்தனை கை மாறுகிறது, அதைத்தான் பார்க்க வேண்டும்.

இதை அளப்பதற்கு லண்டனில் உள்ள நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் எல்.எம்.3 (லோக்கல் மல்டிப்ளையர், அதாவது உள்ளூர்ப் பெருக்கம், மூன்று சுற்றுக்கு) என்று ஒரு முறையை உருவாக்கியது. ஒரு கடைக்கு வந்த வருமானம், அதில் அந்தக் கடை உள்ளூரில் செலவழித்தது, அதை வாங்கியவர்கள் மறுபடி உள்ளூரில் செலவழித்தது என்று மூன்று சுற்றையும் கூட்டி, முதல் தொகையால் வகுக்க வேண்டும். விடை 1 என்றால் காசு வந்த வேகத்தில் வெளியே போய்விட்டது. 3 என்றால் ஒரு பைசாகூடப் போகவில்லை, அப்படி ஓர் ஊர் இருக்க வாய்ப்பில்லை. நிஜம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2002-ல் சிவிக் எகனாமிக்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் ஓர் உள்ளூர்ப் புத்தகக் கடையையும் ஓர் இசைத்தட்டுக் கடையையும், அவற்றுக்குப் பக்கத்திலேயே வருவதாக இருந்த, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு சங்கிலிப் புத்தகக் கடையோடு ஒப்பிட்டது. வாடிக்கையாளர் 100 டாலர் செலவழித்தால் உள்ளூர்க் கடைகள் மூலம் 45 டாலர் அளவுக்கு அந்த ஊருக்குப் பலன், சங்கிலிக் கடை மூலம் 13 டாலர் என்று கணக்கு வந்தது. இந்த எண்ணை உள்ளூர் வியாபாரப் பிரசாரம் செய்பவர்கள் வேதவாக்கு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டே உள்ளூர்க் கடைகள், ஒரே ஊர், அதுவும் அந்தச் சங்கிலிக் கடை வரலாமா கூடாதா என்று வாக்குவாதம் சூடாக நடந்த நேரம். காசு எந்த வழியில் போகிறது என்று தெரிந்துகொள்ள அந்த ஆய்வு போதும், உங்கள் ஊரில் எவ்வளவு தங்கும் என்று சொல்லப் போதாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிரசாரக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். எங்கோ தொழிற்சாலையில் செய்து வந்த பொருளை உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் விலையில் பெரும்பகுதி கொள்முதலுக்கே வெளியே போய்விடும். தங்குவது கடைக்காரரின் லாபமும் கடைச் செலவும்தான். தையல், தச்சு, பழுதுபார்ப்பு, டியூஷன் என்று உழைப்புக்குக் கொடுக்கும் கூலிதான் அதிகம் தங்குகிறது. புதிதாக ஒன்றை வாங்குவதைவிட இருப்பதைச் சரிசெய்யக் கொடுத்தால் ஊருக்கு நல்லது, உங்கள் பணப்பைக்கும் நல்லது.

கேள்வி: உள்ளூர்க் கடையில் விலை அதிகம். என் சம்பளத்துக்கு அது கட்டாது. அவர் பிழைக்க நான் ஏன் தண்டம் அழ வேண்டும்?

பதில்: அழ வேண்டாம். கட்டாததை வாங்கச் சொல்லிக் குற்றவுணர்ச்சி ஊட்டுகிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் விலை அதிகம் என்று முடிவு கட்டும் முன் ஒரு முறை உட்கார்ந்து கணக்குப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்கிறேன். பெரிய கடைகளில் நாம் விலையை நினைவில் வைத்திருக்கிற நாலைந்து பொருள்கள் மலிவாக இருக்கும், மீதியில் ஈடுகட்டிவிடுவார்கள். ஒன்று வாங்கப் போய் ஆறு வாங்கி வருவதும், போக்குவரத்துச் செலவும், ஆன்லைனில் வந்தது சரியில்லை என்று திருப்பி அனுப்ப அலைகிற அலைச்சலும் விலைச் சீட்டில் இருக்காது. எல்லாவற்றையும் பார்த்த பிறகும் அங்கேதான் மலிவு என்றால் அங்கேயே வாங்குங்கள். வித்தியாசம் சொற்பமாக இருக்கிற பொருள்களை மட்டும் இந்தப் பக்கம் மாற்றுங்கள். ஒரேயடியாக மாறிவிட்டு மூன்றாம் மாதம் சலித்துப்போய் விடுகிறவரைவிட, வருஷம் முழுக்கத் தவறாமல் கொஞ்சம் வாங்குகிறவரைத்தான் கடைக்காரர் நம்பிக் கொள்முதல் செய்ய முடியும்.

அப்புறம், விலை அதிகம் என்பதை அவரிடமே சொல்லுங்கள். சொல்லாமல் போனால் அவருக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: பிராஞ்சைஸ் எடுத்து நடத்துபவர் எங்கள் ஊர்க்காரர். அது உள்ளூர்க் கடையா இல்லையா?

பதில்: பாதி. முதல் போட்டவரும் நஷ்டம் தாங்குபவரும் ஊர்க்காரர். ஆனால் விற்பனையில் ஒரு பங்கு ஒவ்வொரு மாதமும் அந்தக் கடைப் பெயரின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போகிறது, யாரிடம் சரக்கு எடுப்பது என்பதும் பெரும்பாலும் மேலே முடிவாகிறது.

கேள்வி: நான் சின்னக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பொருளைத் தொட்டுப் பார்த்து, என்னிடம் ஆயிரம் சந்தேகம் கேட்டு, பிறகு என் கண் முன்னாலேயே போனில் விலை பார்த்து ஆர்டர் போடுகிறார்கள். ஆதரவு தாருங்கள் என்று பலகை வைத்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள். இரக்கப்பட்டு ஒருமுறை வருவார்கள், பத்தாவது முறை வர மாட்டார்கள்.

விலையில் அவர்களோடு மோதாதீர்கள், தோற்பீர்கள். அவர்களால் முடியாததில் மோதுங்கள். எந்தப் பொருள் யாருக்கு ஒத்துவராது என்று முகத்துக்கு நேரே சொல்ல முடிவது உங்களால்தான். இதை வாங்காதீர்கள், உங்கள் வேலைக்கு அதுவே போதும் என்று சொல்கிற கடைக்காரரை யாரும் மறப்பதில்லை. விற்ற பிறகு பொருத்திக் கொடுப்பது, பழுது பார்ப்பது, கேட்ட சரக்கை இரண்டு நாளில் வரவழைப்பது, இவற்றுக்குத் தனியாகக் கட்டணம் வைக்கக் கூச்சப்படாதீர்கள். அத்தனை சந்தேகத்துக்கும் பதில் சொன்னீர்களே, அந்த அறிவுக்கும் விலை உண்டு. கூடவே சில கசப்பான விஷயங்கள்: வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் கடையைச் சாத்தாதீர்கள், போனை எடுங்கள், பில் கொடுங்கள், திருப்பிக் கொண்டுவந்தால் முகம் சுளிக்காதீர்கள். சின்னக் கடைகளை விட்டு ஆட்கள் போனதில் பாதி இதனால்தான் என்பது என் எண்ணம்.

கொள்முதல் விலைதான் பிரச்சினை என்றால் தனியாக நின்று தீராது, சேர்ந்து வாங்க வேண்டும். ஜெர்மனியின் எடேகா இன்று அந்த நாட்டின் மிகப் பெரிய மளிகைச் சங்கிலிகளில் ஒன்று. அதன் வேர், 1898-ல் பெர்லினில் சிறு மளிகைக்காரர்கள் கூட்டாகச் சரக்கு எடுக்கத் தொடங்கிய ஒரு கூட்டுறவு. இன்றும் அதன் கடைகளில் கணிசமானவை தனித்தனி வியாபாரிகளின் கையில்தான் இருக்கின்றன. உங்கள் வரிசையில் நாலு கடை சேர்ந்து ஒரே வண்டியில் சரக்கு இறக்கினால்கூட அது தொடக்கம்தான். பக்கத்துக் கடைக்காரரோடு உங்களுக்குப் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, இல்லையென்றால் முதல் வேலை அதுதான்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு முதலாளி வேலையாட்களுக்குச் சம்பளத்தை இழுத்தடிக்கிறார். உள்ளூர்க்காரர் என்பதற்காக அவரையும் ஆதரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உள்ளூர் என்பது முகவரி, நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை. ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கும் பெரிய நிறுவனம் இவரைவிட மேல்.

கேள்வி: ஊருக்கென்று தனி நாணயம் அச்சிட்டால் காசு வெளியே போகாதாமே. நாமும் செய்யலாமா?

பதில்: படிக்க இனிமையான கதைகள் இதில் நிறைய உண்டு. ஆஸ்திரியாவின் வோர்கல் ஊரில் 1932-ல் மேயர் மிகேல் உண்டர்குக்கன்பெர்கர் நகராட்சி வேலைகளுக்குக் கூலியாக ஒரு சீட்டை வெளியிட்டார். ஒவ்வொரு மாதமும் அதன் மதிப்பில் 1 சதவீதத்துக்கு முத்திரை வாங்கி ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. அதனால் யாரும் அதைப் பதுக்கவில்லை, கைக்கு வந்ததும் செலவழித்தார்கள். உலகமே வேலையில்லாமல் தவித்த நேரத்தில் அங்கே சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள், வரி பாக்கிகூட வசூலானது. 1933-ல் ஆஸ்திரிய மத்திய வங்கி தன் உரிமையில் கை வைக்கிறார்கள் என்று தடுத்து நிறுத்திவிட்டது. பிரிட்டனில் பிரிஸ்டல் பவுண்டு 2012-ல் ஆரவாரமாகத் தொடங்கியது, மாநகராட்சி வரியைக்கூட அதில் கட்ட முடிந்தது, பத்து வருஷம் தாங்கவில்லை. நோட்டு அச்சடிப்பது, கள்ள நோட்டைத் தடுப்பது, கடைகளைச் சேர்ப்பது எல்லாம் ஓயாத வேலை, அதைச் செய்ய ஆளும் பணமும் வேண்டும்.

நீடித்து நிற்பது ஸ்விட்சர்லாந்தின் விர் என்கிற ஏற்பாடு மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதுதான் கவனிக்க வேண்டியது. 1934-ல் தொடங்கியது, இன்றும் வங்கியாக நடக்கிறது. கடைக்கு வருகிற வாடிக்கையாளருக்காக ஏற்பட்டது இல்லை அது, சிறு தொழில்கள் ஒன்றுக்கொன்று கொடுக்கல் வாங்கல் செய்ய ஏற்பட்ட கடன் ஏற்பாடு. கையில் ரொக்கம் இல்லாத காலத்திலும் தச்சர் அச்சகத்துக்கு மேசை செய்து கொடுத்து, அந்த வரவை வைத்துப் பெயிண்டரைக் கூப்பிட முடியும். அழகான நோட்டைவிட இந்த வறண்ட கணக்கேடுதான் பயனுள்ளது என்பது என் கட்சி. எதுவானாலும் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்க்காமல் இறங்காதீர்கள், மத்திய வங்கிகளுக்கு இதில் நகைச்சுவை உணர்வு கிடையாது.

கேள்வி: நான் ஒருத்தி பக்கத்துக் கடையில் சோப்பு வாங்கி ஊரை நிமிர்த்திவிட முடியுமா? ஏமாற்றாதீர்கள்.

பதில்: முடியாது. வாங்குவதை நிறுத்தவும் வேண்டாம், ஆனால் எடை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓர் ஊரில் அதிகமாக வாங்குவது குடும்பங்கள் மட்டும் இல்லை. நகராட்சி, மருத்துவமனை, கல்லூரி, காவல்துறை, இவர்கள் வாங்குகிற நாற்காலி, சீருடை, அச்சு வேலை, துப்புரவு, சாப்பாடு, கட்டடப் பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரம் கூட்டிப் பார்த்தது. பெரிய வணிக வளாகம் வரும், ஊர் விடியும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள், 2011-ல் அந்தத் திட்டம் கைவிட்டுப் போனது. வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று ஆன பிறகுதான், ஊருக்குள்ளேயே இருக்கும் பொது நிறுவனங்கள் எங்கே வாங்குகின்றன என்று மான்செஸ்டரில் உள்ள ஓர் ஆய்வு மையத்தோடு சேர்ந்து கணக்கெடுத்தார்கள். 2012-13-ல் அவை செலவழித்ததில் 5 சதவீதம்தான் பிரெஸ்டனுக்குள் போயிருந்தது, சுற்றியுள்ள லங்காஷயர் மாவட்டத்தையும் சேர்த்தால் 39 சதவீதம். 2016-17-ல் அதே நிறுவனங்களின் செலவில் பிரெஸ்டனுக்கு 18 சதவீதத்துக்கு மேலும், லங்காஷயருக்கு ஏறக்குறைய 79 சதவீதமும் போனது. புதிய வரி போடவில்லை. ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருந்த பணத்தைத் திசை திருப்பினார்கள், அவ்வளவுதான்.

எப்படி என்பதுதான் முக்கியம், ஏனென்றால் உள்ளூர்க்காரருக்கே கொடு என்று உத்தரவு போட்டால் பல நாடுகளில் சட்டம் தடுக்கும், சட்டம் விட்டாலும் வேண்டியவருக்கு ஒப்பந்தம் கொடுக்கும் வழியாகிவிடும். பெரிய ஒப்பந்தம் ஒன்றையே விட்டால் பெரிய நிறுவனம் மட்டும்தான் போட்டி போட முடியும். அதைத் துண்டு துண்டாகப் பிரித்தால் சிறியவர்களும் உள்ளே வரலாம். பள்ளிச் சாப்பாட்டு ஒப்பந்தத்தை அங்கே அப்படித்தான் பிரித்தார்கள். டெண்டர் வரப்போவதை முன்கூட்டியே சொல்வது, விண்ணப்பத்தை இருபது பக்கத்திலிருந்து நாலு பக்கமாக்குவது, விலையோடு வேலைவாய்ப்பு போன்ற சமூகப் பயனுக்கும் மதிப்பெண் கொடுப்பது, இவையெல்லாம் யாருக்கும் சலுகை காட்டாமலே செய்யக்கூடியவை. எல்லாவற்றுக்கும் மேல், பில்லுக்கு நேரத்தில் பணம் கொடுப்பது. ஆறு மாதம் இழுத்தடித்தால் சிறு தொழில்காரர் வட்டியிலேயே செத்துப்போவார். லாபத்தில் இருந்தும் கையில் ரொக்கம் இல்லாமல் மூடுகிற தொழில்கள் ஏராளம்.

ஆகவே அம்மா, சோப்பை வாங்கிவிட்டு, உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியும் நீங்கள் வேலை பார்க்கும் அலுவலகமும் யாரிடம் வாங்குகின்றன, எத்தனை நாளில் பணம் தருகின்றன என்று கேளுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் இருந்தால் அங்கேயும் கேளுங்கள். அந்தக் கேள்வி ஒரு வருஷத்துச் சோப்பைவிடக் கனமானது.

கேள்வி: எங்களுக்கு இருக்கும் ஒரே கடையின் உரிமையாளருக்கு வயதாகிவிட்டது, மூடப்போகிறார். எல்லோரும் பங்கு போட்டு வாங்கி நடத்தினால் என்ன?

பதில்: நடக்கக்கூடியதுதான். பிரிட்டனின் கிராமங்களில் இப்படி ஊர்க்காரர்களே பங்கு போட்டு நடத்தும் கடைகள் சில நூறு இருக்கின்றன, அவர்களுக்கு வழிகாட்டும் பிளங்கெட் அமைப்பு 1919-லிருந்து இயங்குகிறது. எவ்வளவு பங்கு போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதுதான் வழக்கம். 1844-ல் ராச்டேலில் கூட்டுறவுக் கடை தொடங்கிய நெசவாளர்கள் முதலானோர் வைத்த விதியும் அதுவே, பணம் அதிகம் போட்டவர் கடையைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க அது அவசியம்.

ஆனால் பங்கு வசூலிக்கும் உற்சாகத்தில் சில விஷயங்களைக் கேட்க மறந்துவிடுவார்கள். கட்டடம் யாருடையது, வாடகை ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருஷம், கடந்த மூன்று வருஷக் கணக்கைப் பெரியவர் காட்டுவாரா? அவரும் அவர் மனைவியும் காலை முதல் இரவு வரை சம்பளமே எடுக்காமல் நின்றதால்தான் கடை லாபம் காட்டியதா? அப்படியென்றால் சம்பளம் கொடுத்து ஆள் வைத்த அன்றே நஷ்டம் தொடங்கிவிடும், கணக்கை அந்தச் சம்பளத்தையும் சேர்த்துப் போடுங்கள். தன்னார்வலர்களை நம்பினால் யார் எந்தக் கிழமை வருவார் என்று பெயர் எழுதி வாங்குங்கள். போட்ட பணத்தை யாராவது திருப்பிக் கேட்டால் எப்போது, எதிலிருந்து கொடுப்பீர்கள் என்பதையும் முதல் கூட்டத்திலேயே எழுத்தில் வையுங்கள். பெரியவரை ஒரு வருஷமாவது சம்பளத்துக்கு உடன் இருக்கச் சொல்லுங்கள், யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.