பழைய வயரை வெட்டுவதற்கு முன்

வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: தம்பி, நான் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மூடிப்போன விளையாட்டு மையம் ஒன்றின் சாமான்கள் எங்கள் ஊர் பழைய இரும்புக் கடைக்கு வந்தன. அதில் ஆள் உயரக் கரடி பொம்மை ஒன்று இருந்தது, அமெரிக்காவில் செய்தது, கண், வாய், கை எல்லாம் காற்றில் அசையுமாம். 16 வால்வு இருக்கிறது, கன்ட்ரோல் பெட்டி இல்லை, 37 பின் கனெக்டர் மட்டும் தொங்குகிறது. தீபாவளிக்குள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டிக் காட்ட வேண்டும். எல்லா வயரையும் வெட்டிவிட்டுப் புதிதாக இழுக்கலாமா?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: வெட்டாதீர்கள் அண்ணே. அந்தக் கனெக்டரைத் தவிர உங்களிடம் வேறு வரைபடம் கிடையாது. எந்தப் பின் கண்ணுக்கு, எந்தப் பின் தாடைக்கு என்பது அதில்தான் இருக்கிறது, வெட்டிவிட்டால் 16 வால்வையும் ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டியதுதான். நானும் ஒருமுறை அவசரப்பட்டு வெட்டி, இரண்டு வாரம் அல்லாடியிருக்கிறேன். அதற்குப் பொருந்தும் இன்னொரு பாதிக் கனெக்டரை வாங்கி, புதிய வயரை எல்லாம் அதில் பற்றவையுங்கள். பழையது பழையபடியே இருக்கட்டும்.

இந்த மாதிரி பொம்மைகளில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வால்வு, காற்று உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். 1963இல் டிஸ்னிலாந்தில் திறந்த டிக்கி ரூம் என்ற காட்சிக்கூடத்தில் பறவைப் பொம்மைகளின் அலகு அசைந்ததும், 1977இல் அடாரி வீடியோ கேம் நிறுவனத்தைத் தொடங்கிய நோலன் புஷ்னெல் அமெரிக்காவின் சான் ஹோசேயில் திறந்த பீட்சா கடையின் பொம்மைகள் ஆடியதும் காற்றின் பலத்தில்தான். வால்வு திறந்து மூடும் நேரத்தைச் சரியாக அடுக்கினால் உயிருள்ளது போலவே தெரியும், அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் வால்வைத் திறக்கும் மின்சுருளின், அதாவது காயிலின் மேல் ஒட்டியிருப்பதைப் படியுங்கள், எத்தனை வோல்ட், ஏசியா டிசியா. ஏசி காயிலுக்கு அதே அளவு டிசி கொடுத்தால் கரண்ட் மிக அதிகமாக ஓடும், ஏனென்றால் ஏசியில் சுருளின் தூண்டல் தடுத்துப் பிடிக்கும், டிசியில் கம்பியின் மின்தடை மட்டும்தான் மிச்சம், கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை வரும். உங்களுடையது 24 வோல்ட் டிசி என்று வைத்துக்கொள்வோம். எல்லா வால்வுக்கும் ஒரு பொது வயர் இருக்கும், அதை மீட்டரால் கண்டுபிடிக்கலாம்: பொது வயருக்கும் ஒரு வால்வு வயருக்கும் நடுவில் 120 ஓம் காட்டினால், இரண்டு வால்வு வயர்களுக்கு நடுவில் 240 காட்டும், இரண்டு காயில்கள் வரிசையாக வருவதால். அப்புறம் காற்று இல்லாமல், 1 ஆம்ப் ஃபியூஸ் போட்ட வயரால் ஒவ்வொரு பின்னாகத் தொடுங்கள், இன்னொருவர் வால்வின் மேல் விரலை வைத்து ‘டிக்’ வருகிறதா என்று பார்க்கட்டும். ஒரு நோட்டில் பின் எண், வால்வு எண், எது அசைகிறது என்று எழுதி, வயரிலும் எண் ஒட்டுங்கள்.

டிக் அடிக்குமுன், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடைப் பாருங்கள், இது முக்கியம். காயிலை அணைக்கும்போது அது எதிர்த் திசையில் பெரிய வோல்டேஜைத் தள்ளும், வால்வுகளுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரைவர் சிப்பைக் கொன்றுவிடும், அதற்காகத்தான் காயிலின் குறுக்கே டயோடு போடுவது. டயோடில் கோடு போட்ட முனை எந்த வயரில் இருக்கிறதோ அது பிளஸ், மாற்றிக் கொடுத்தால் ஷார்ட் ஆகும். கோடு பொது வயர் பக்கம் இருந்தால் யூஎல்என் 2803 என்ற டிரைவர் சிப் இரண்டு போதும், ஒன்றில் எட்டு வழி, வழிக்கு அதிகபட்சம் 500 மில்லி ஆம்ப். அந்த எட்டையும் ஒன்றாக நெடுநேரம் பிடித்தால் சூடேறும். டயோடே இல்லை என்றால் 1என்4007 என்ற டயோடைப் போடுங்கள். 120 ஓம் காயில் 0.2 ஆம்ப் இழுக்கும், 16ம் சேர்ந்தால் 3.2 ஆம்ப், அத்தனையும் பொது வயரில் ஓடும், ஆகவே அதை மெல்லியதாக இழுக்காதீர்கள். பழைய கனெக்டரில் பொது வயருக்கு மூன்று நான்கு பின் இருந்தால் எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அண்ணே, இதே மாதிரி பொம்மைக்கு ஈப்போவில் காற்று ட்யூபை இணைக்கும் 6 மில்லி ஃபிட்டிங் வாங்கினேன், ட்யூப் நுழையவில்லை. கால் இன்ச் திருகு மூன்று சுற்றில் இறுகிவிட்டது, டேப் சுற்றியும் கசிகிறது.
(வாசகர், தெலுக் இந்தான்)

பதில்: டேப் சுற்றித் தீராது தம்பி. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் அளவுத் திருகு, அமெரிக்கப் பொம்மையில் இருப்பது என்பிடி என்ற அமெரிக்க அளவு. கால் இன்ச்சில் என்பிடிக்கு இன்ச்சுக்கு 18 புரி, பிஎஸ்பிக்கு 19, புரியின் கோணமும் 60 பாகை, 55 பாகை என்று வேறு. முதலில் பிடிப்பது போல இருக்கும், அப்புறம் இறுகும், மேலும் முறுக்கினால் வால்வின் அலுமினிய உடல் விரிசல் விடும், அந்த மாதிரி வால்வுக்கு மாற்று தேடுவது பெரும்பாடு. என்பிடி ஃபிட்டிங் என்று கேட்டு வாங்குங்கள்.

ட்யூபும் அப்படித்தான். கால் இன்ச் என்பது 6.35 மில்லி, 6 மில்லி ஃபிட்டிங்கில் நுழையாது. ஆனால் 5/32 இன்ச் ட்யூப் 3.97 மில்லி, அதற்கு 4 மில்லி ஃபிட்டிங் தாராளமாகப் போதும். வெர்னியரால் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ட்யூபைக் கத்தரிக்கோலால் நறுக்காமல் கூரான பிளேடால் நேராக வெட்டுங்கள், சாய்ந்த முனையில் காற்று கசியும்.

கேள்வி: ஐயா வணக்கம், பள்ளியில் பொம்மையை ஓட்டிப் பார்த்தோம். கை படாரென்று அடிக்கிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள். வால்விலிருந்து தண்ணீரும் தெறிக்கிறது.
(ஆசிரியை, கோலகங்சார்)

பதில்: டீச்சர், அழுத்தத்தை 20 பிஎஸ்ஐயில், அதாவது ஏறக்குறைய 1.4 பாரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சிலிண்டரின் இரண்டு பக்கமும் ட்யூப் இருந்தால் வெளியேறும் காற்றை ஃப்ளோ கன்ட்ரோல் என்ற காற்றளவுத் திருகால் நெருக்குங்கள், கை மெதுவாக ஏறும். ஒரே ட்யூப்பும் ஸ்பிரிங்கும் உள்ளதென்றால் நுழையும் காற்றை நெருக்க வேண்டும். தண்ணீர் நம் ஊர் ஈரக் காற்றிலிருந்து வருவது, கம்ப்ரஸர் டேங்கை தினமும் வடியுங்கள், வால்வுக்கு முன் ஃபில்டர் வையுங்கள்.

பிள்ளைகள் 24 வோல்ட் பக்கத்தில் வயர் பிடிக்கலாம், கற்றுக்கொள்ளட்டும். சுவர் பிளக்கிலிருந்து வரும் மெயின் கரண்ட் பக்கத்தை வயர்மேனிடம் விடுங்கள். கம்ப்ரஸரை அணைத்த பிறகும் ட்யூபில் காற்று மிச்சமிருக்கும், ஒரு வால்வு டிக் ஆனாலே கை வீசும். அதனால் மிச்சக் காற்றை வெளியேற்ற ஒரு குழாய் வைத்து, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு மட்டும் பொம்மைக்குள் கையை விடச் சொல்லுங்கள்.