பழுப்பு, பச்சை, சிவப்பு: உப்புத்தண்ணீர் தொட்டிப் பாசிக் கேள்விகள்

இந்த முறை வந்தவை எல்லாமே பாசியைப் பற்றிய கேள்விகள், அதனால் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து படம் அனுப்புங்கள். "பழுப்பா ஏதோ இருக்கு" என்று மட்டும் எழுதினால் சரியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் பழுப்பாக வருகிற இரண்டு சங்கதிகளுக்கு வைத்தியம் நேர் எதிர்.

கேள்வி (செந்தூல்): தொட்டி வைத்து மூன்று வாரம். மணல், கண்ணாடி எல்லாம் பழுப்புத் தூள். துடைத்தால் மறுநாளே வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கட்டுமா அண்ணே?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. அது டயாட்டம் என்ற நுண்பாசி. தன் மேலோட்டைக் கட்ட அதற்கு சிலிகேட் வேண்டும், அது புது மணலிலும் புதுக் கல்லிலும் குழாய்த் தண்ணீரிலும் இருக்கிறது. சிலிகேட் தீர்ந்ததும் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். கொட்டிவிட்டு ஆரம்பித்தால் மறுபடி இதே மூன்றாவது வாரத்தில் வந்து நிற்பீர்கள். ஒன்றை மட்டும் பாருங்கள்: ஆர்ஓ டிஐ தண்ணீரில் (ஆர்ஓ சவ்வில் வடித்து, மீதி உப்பை டிஐ ரெசினில் நீக்கிய தண்ணீர்) டிடிஎஸ் மீட்டர், அதாவது கரைந்த உப்பை அளக்கும் கருவி, 0 காட்டுகிறதா? டிஐ ரெசின் தேயத் தொடங்கும்போது முதலில் நழுவி வருகிறவற்றில் சிலிகேட்டும் ஒன்று. மீட்டர் 1, 2 என்று ஏறினாலே ரெசினை மாற்றிவிடுங்கள்.

கேள்வி (பூச்சோங்): சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கும் கருவி) வாங்க வசதியில்லை, இரண்டு காற்றாடி வைத்து 27 டிகிரியில் வைத்திருக்கிறேன். 200 லிட்டர் தொட்டி. உப்பு கலக்க ஆர்ஓ தண்ணீர்தான், குறைகிற தண்ணீருக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் ஊற்றுவேன். கல் முழுக்கப் பச்சை முடிப்பாசி. டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் (பாசிக்கு உணவாகிற சத்து) 0. எங்கிருந்து வருகிறது?

பதில்: விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. "மட்டும்" என்று எழுதினீர்களே, அந்தக் குழாய்த் தண்ணீர்தான். காற்றாடி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர வைக்கிறது. ஆவியாவது சுத்தத் தண்ணீர், அதில் கரைந்திருந்த பாஸ்பேட், நைட்ரேட், சிலிகேட் எதுவும் கூடப் போகாது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் குறைகிறது என்று வையுங்கள், மாதத்துக்கு 90 லிட்டர். அதாவது உங்கள் தொட்டியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான குழாய்த் தண்ணீரின் அழுக்கு மாதாமாதம் உள்ளே தங்கிவிடுகிறது. காற்றாடி வைத்துச் சமாளிக்கிற தொட்டிகளில் நான் முதலில் கேட்கிற கேள்வியே இதுதான். காற்றாடி நல்ல வழிதான், தொடருங்கள், ஊற்றுகிற தண்ணீரை ஆர்ஓ டிஐக்கு மாற்றுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் வெட்டு வரும்போதும், வெட்டு முடிந்து கலங்கலாக வரும்போதும் சிரமம் என்பதால் இரண்டு மூன்று கேன் எப்போதும் நிரப்பி வையுங்கள். கலங்கல் தெளிகிறவரை குழாயைத் திறந்து விட்டுவிட்டு அப்புறம் ஃபில்டரில் இணையுங்கள், இல்லையென்றால் அதன் முதல் வடிகட்டிக் குச்சி ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும்.

பாஸ்பேட் 0 என்று காட்டுவதை நம்பாதீர்கள். தண்ணீரில் இருப்பதைப் பாசி உடனுக்குடன் தின்றுவிடுகிறது, மிச்சம்தான் கிட்டுக்குத் தெரிகிறது. கல்லும் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருந்து மெல்லக் கசியவிடும், அதனால் தண்ணீரை மாற்றிய கையோடு பாசி போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கல்லை வெளியே எடுக்க முடிந்தால் தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உள்ளேயே தேய்த்தால் துண்டு துண்டாகப் பரவும். உறைந்த இறாலை வடிகட்டியில் போட்டு ஒரு தடவை அலசிவிட்டுக் கொடுங்கள். விளக்கை 8 மணி நேரத்துக்குக் குறையுங்கள். சம்ப் (தொட்டியோடு இணைத்த துணைத் தொட்டி) இருந்தால் அதில் கீட்டோ என்ற கடற்பாசியை இரவில் விளக்கு போட்டு வளர்த்து அடிக்கடி வெட்டி எடுங்கள், நல்ல பலன் தரும்.

கேள்வி (ஜார்ஜ் டவுன்): பாசியை ஒழிக்கவேண்டும் என்று நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் 0க்குக் கொண்டுவந்தேன். இப்போது பழுப்பாகச் சளி மாதிரி நூல் நூலாகத் தொங்குகிறது, நுனியில் குமிழி. நத்தைகள் சாகின்றன. தினமும் தண்ணீர் மாற்றுகிறேன், இன்னும் மோசமாகிறது.

பதில்: தண்ணீர் மாற்றுவதை இன்றே நிறுத்துங்கள். இது பெரும்பாலும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிரி. சாதாரணப் பாசிக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் உணவில்லாமல் போனபின் காலியான இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. சில வகைகளுக்கு விஷம் உண்டு, நத்தை சாவது அதனால்தான், ஆகவே கையுறை போட்டுத் தொடுங்கள்.

உறுதி செய்ய ஒரு வழி: கொஞ்சம் சளியை ஒரு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, காப்பி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் விளக்கடியில் வையுங்கள். மறுபடி திரண்டு நூலாகிவிட்டால் டைனோதான். அப்புறம் பாஸ்பேட் உறிஞ்சும் மருந்துகளை எடுத்துவிட்டு, தீனியைக் கூட்டி, நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் பங்கு) பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பிபிஎம்முக்கும் கொண்டுவாருங்கள். பச்சைப் பாசி கொஞ்சம் வந்தால் சந்தோஷப்படுங்கள், அது இடத்தைத் திரும்பப் பிடிக்கிறது என்று அர்த்தம். இரவில் தண்ணீரில் மிதக்கிற ஆஸ்ட்ரியாப்சிஸ் வகை என்றால் யூவி (புற ஊதா) விளக்குக்கு அடங்கும். மணலிலேயே கிடக்கிற ஆம்பிடினியம் வகை அதற்கு அடங்காது. மலிவான மைக்ரோஸ்கோப் ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டு யூவிக்குச் செலவு செய்யுங்கள், ரிங்கிட் மிச்சம்.

கேள்வி (பத்து ஃபிரிங்கி): கடல் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. அந்தத் தண்ணீரையே எடுத்து ஊற்றலாமா? பாயார் தீவிலிருந்து ஒரு கல்லும் கொண்டுவரலாம் என்று ஆசை.

பதில்: கரையோரத் தண்ணீர் வேண்டாம். ஆற்று வண்டலும் ஊர்க் கழிவும் கலந்த கலங்கல் அது, பாசிக்கு நீங்களே சாப்பாடு போட்டது போலாகும். கல்லைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் அக்கா, பாயார் கடல்சார் பூங்கா, 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி அங்கே பவளத்தையோ பிற உயிரினங்களையோ அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): மணல்மேல் சிவப்புப் போர்வை. உரித்தால் பாய் மாதிரி வருகிறது.

பதில்: சயனோ. அது பாக்டீரியா, நத்தை தொடாது. குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள், அந்த மூலைக்கு நீரோட்டம் போகும்படி பம்பைத் திருப்புங்கள். மருந்து கடைசி வழி. போட்டால் ஆக்சிஜன் குறையும், காற்றுக் கல் (காற்றுக் குமிழி விடுகிற கல்) கட்டாயம் ஓடவேண்டும்.

கேள்வி (பட்டர்வொர்த்): 60 லிட்டர் தொட்டி. ஃபாக்ஸ்ஃபேஸ் மீன் விட்டால் பாசியைத் தின்றுவிடும் என்கிறார்கள், உண்மையா?

பதில்: தின்னும். ஆனால் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்கிற மீனை 60 லிட்டரில் அடைப்பது கொடுமை. நாம் சந்தையில் வாங்குகிற டெங்கிஸ் மீனின் இனம்தான் அது, முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் வலி தாங்காது. உங்களுக்கு இரண்டு மூன்று ட்ரோக்கஸ் நத்தை போதும், அது கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். வாங்கி வந்ததும் அப்படியே போட்டுவிடாமல், உப்பின் அளவு பழக, மெல்லிய குழாயில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டு அப்புறம் இறக்குங்கள்.